தார் ரோட்டில் பட்டன் டயர்

அன்று டயர் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எழுமலை விருமாண்டி என்கிற நான். காலமான என் தம்பியின் மகன் ஜெயக்கொடி; எங்கள் ஜீப்பை ஓட்டியவன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வெள்ளைத்துரை; தன் தங்கை முத்துத்தாயை ஜெயக்கொடிக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர். கடை உரிமையாளர் கைலாசநாதன். அங்கே டயர் மாட்டும் வேலை பார்த்த சோணை. ஆறாவது ஆள் இல்லை. பிற்பாடு தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டவர்கள் இரண்டொருவர் உண்டு. அவர்கள் நிற்கவில்லை.

1977 ஆவணி மாதம், மதுரை வடக்கு வெளி வீதி, முற்பகல் நேரம்.

ஜீப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட வண்டிகளில் ஒன்றை என் தகப்பனார் எடுத்தார். பகட்டுக்காக அல்ல. எழுமலைக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. தோப்புக்குப் போக வழி என்று ஒன்று கிடையாது; இரண்டரை மைல் ஓடைதான் வழி. மாட்டுவண்டி அச்சு முறியும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள இந்த வண்டி மட்டும் பாறைக்குப் பாறை கவ்வி ஏறும். அதனால் ஊரில் எங்களுக்கு ஜீப் வீடு என்று பெயர் வந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போடுவோம்.

1974-இல் பங்காளி தொடுத்த வழக்கில் தோப்பு எங்கள் கையை விட்டுப் போனது. தீர்ப்பு வந்த நாளிலிருந்து அந்த ஓடையில் எங்கள் வண்டி இறங்கியதில்லை. உசிலம்பட்டி, செக்கானூரணி, மதுரை என்று தார் ரோட்டிலேயே ஓடியது. முன்சக்கர இழுவைக்கான சின்னக் கம்பியை யாரும் தொடுவதில்லை. ஆனால் தோப்பு போய்விட்டது என்று நான் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் ஜெயக்கொடியை வண்டி எடுக்கச் சொல்லி மேற்கே போவேன். தார் முடிகிற இடத்தில் ஒரு வேம்பு இருக்கிறது. அதன் கீழே ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தி, இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவோம். தெருக்காரர்களுக்கு உண்மை தெரியாமல் இருந்திருக்காது. என் முன்னால் ஒருவரும் கேட்டதில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

டயர் நான்கும் வழவழவென்று தேய்ந்துபோன சமயம் சோழவந்தான் சம்பந்தப் பேச்சு வந்தது. வெற்றிலைக் கட்டுகளோடு மதுரை வந்திருந்த வெள்ளைத்துரையைப் பஸ் நிலையத்தருகே தற்செயலாகப் பார்த்தோம். டயர் எடுக்கப் போகிறோம் என்றதும் அவரும் கூட வருவதாகச் சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கடையில் எங்கள் அளவுக்கு மூன்று வகை டயர் இருந்தது. ஒன்று, நீளவாக்கில் கோடு போட்டது. பஸ் டயரைச் சின்னதாக்கியதுபோல இருக்கும். இன்னொன்று பட்டன் டயர். கட்டை கட்டையாக ரப்பர் புடைத்து, டிராக்டர் சக்கரத்துக்குத் தம்பி போல நிற்கும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், மத்தியில் அடைப்பான வரியும் ஓரத்தில் கட்டையுமாக இருந்தது. எது நெடுநாள் உழைக்கும் என்று கேட்டேன்.

கைலாசநாதன் நிதானமான மனிதர். விற்பனைக்காக ஒன்றைத் தூக்கிப் பேசுகிறவர் அல்லர்.

"உழைக்கிறது டயர்ல மட்டும் இல்லை, ரோட்டுலயும் இருக்கு. வண்டி எங்கே ஓடறது? அதைச் சொல்லுங்கோ, எதைப் போடறதுன்னு தானா முடிவாயிடும்" என்றார்.

ஜெயக்கொடி வாயைத் திறந்தான். "பெரும்பாலும் தார் ரோ..." என்று தொடங்கினான்.

"மலையடிவாரத்துக்கு" என்றேன் நான். "தோப்புக்குப் போற வண்டி. ஓடையில ஏறணும்."

ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளைத்துரையின் முகம் மலர்ந்தது.

"எம்புட்டு மரம் மாமா?" என்று கேட்டார்.

"எண்ணுனதில்ல."

கைலாசநாதன் எழுந்து வெளியே போய், எங்கள் வண்டியின் பழைய டயரைக் குனிந்து தடவிப் பார்த்தார். நடுவில் சீராகத் தேய்ந்திருந்தது. பக்கவாட்டில் ஒரு கீறல் இல்லை. ஓடையில் ஏறிய டயரில் கல் வெட்டு இல்லாமல் இருக்காது. அவர் அதைச் சொல்லவும் செய்தார், மெல்லிய குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படியாக. நான் எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்.

"நீங்க டயர் விக்கிறீகளா, சாட்சி விசாரிக்கிறீகளா?"

வெள்ளைத்துரை சிரித்தார். கைலாசநாதன் பட்டன் டயரை இறக்கும்படி சோணைக்குக் கை காட்டினார்.

சோணைக்கு அப்போதே ஐம்பது வயதிருக்கும். டயரை உருட்டிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றான். பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து, பக்கத்தில் கிடந்த தகர மேசையில் ஐந்து விரல் நுனிகளையும் ஊன்றி இழுத்தான். விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. பிறகு உள்ளங்கை முழுதும் படிய வைத்து அழுத்தினான். கை நின்றது.

"அண்ணே, மாட்டுறவன் நான், எனக்கென்ன வந்துச்சு. சேத்துலயும் கல்லுலயும் இந்தப் பட்டன் சிங்கம். தார்ல அம்புட்டும் விரல் நுனிதான். சூடேறி ஓரம் ஓரமா வெட்டிப் போகும். மழை பேஞ்சா பிரேக்குக்கு நிக்காது. நடு வரி டயரப் போடுங்க, ரெண்டு மடங்கு நாள் வரும்."

சொன்னது அத்தனையும் சரி. இன்று அதை எழுதிக் கொடுப்பேன். அன்று, டயர் மாட்டுகிறவன் எனக்குப் புத்தி சொல்வதை வருங்காலச் சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும்தான் என் தலையில் இருந்தது. மாட்டு என்றேன். மாட்டினான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. வெள்ளைத்துரை தங்கைக்குக் குறைவில்லாமல் செய்தார். தோப்பைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். முதல் முறை ஓடையில் தண்ணீர் என்றேன். அடுத்த முறை குத்தகைக்காரனோடு தகராறு என்றேன்.

பட்டன் டயர்கள் தார் ரோட்டில் ஒரு சத்தம் எழுப்பும். தேன்கூட்டைக் கலைத்தது போல, வேகம் கூடக் கூட ஏறும். வீட்டு வாசல் மண்ணில் அந்தக் கட்டைத் தடம் பதிந்து கிடப்பதைக் காலையில் பார்ப்பேன். எனக்குப் பிடித்திருந்தது. ஜெயக்கொடிக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. ஒரே வருடத்தில் கட்டைகள் ரம்பப் பல் மாதிரிச் சாய்வாகத் தேய ஆரம்பித்தன. முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றி மாற்றிப் போட்டான். காற்றைக் குறைத்துப் பார்த்தான், கூட்டிப் பார்த்தான். தூறல் விழுந்த நாளில் வண்டியைத் தள்ளுவண்டி வேகத்தில் ஓட்டுவான். நான் கடிந்துகொள்வேன்.

டயரை மாற்றலாம் என்று என்னிடம் மூன்று முறை கேட்டான். மூன்றாவது முறை 1979 புரட்டாசியில், மழைக்கு முன்னால். எங்கள் வீட்டில் வேறு யாரும் என்னிடம் ஒரு விஷயத்தை இரண்டாவது முறை கேட்டதில்லை.

"பெரியப்பா, அந்த நடு வரி டயரப் போட்டுருவோம். மச்சான் கேட்டா, பழசு வெடிச்சிருச்சு, கடையில இதுதான் கெடச்சுதுன்னு சொல்லிக்கிருவோம்."

"ஓடைக்குப் போற வண்டின்னு நாலு பேர் முன்னால சொல்லியாச்சு. சொன்னது சொன்னதுதான்."

"நாம சொன்னது டயருக்குத் தெரியாது பெரியப்பா" என்றான்.

அவன் என்னிடம் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனேன்.

ஆடிக் கடைசியில் முத்துத்தாய்க்குச் சோழவந்தானில் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஐப்பசியில் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பால் கொடுக்கிறவளுக்குத் தெம்பு வேண்டும் என்று தசமூலாரிஷ்டம் வாங்க ஜெயக்கொடியும் நானும் மதுரை போனோம். பெரிய பாட்டிலாக மூன்று வாங்கினான். வைக்கோல் சுற்றிக் கொடுத்ததை நம்பாமல், உருளாமல் இருக்கத் தன் இருக்கையின் பக்கத்திலேயே செருகி வைத்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். செக்கானூரணி தாண்டும்போது மழை பிடித்தது. நாலு மாதம் காய்ந்த ரோட்டில் முதல் மழை. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தார் மேல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும் நேரம் அது.

வேகம் முப்பது மைல்கூட இல்லை. கருமாத்தூருக்கு இந்தப் பக்கம் புல்லுக்கட்டோடு ஒரு பெண்பிள்ளை மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். ஜெயக்கொடி சரியான நேரத்தில்தான் பிரேக்கை மிதித்தான். மிதித்ததைப் பார்த்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. பனங்காயை ஈரத் தரையில் தள்ளிவிட்டதுபோல் குறுக்காகப் போனது. மாட்டுக்கும் அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பக்கப் புளியமரத்தில் வண்டியின் வலது பக்கம் மோதியது. அவன் உட்கார்ந்திருந்த பக்கம் அது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவனுக்கு நெஞ்சு நசுங்கிவிட்டது. மூன்று பாட்டிலும் உடைந்து, அரிஷ்டம் அவன் சட்டையெல்லாம் ஊறிப்போயிருந்தது. வயலில் இருந்து ஓடிவந்தவர்கள் அவனைத் தூக்கும்போதே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரிஷ்டத்துக்கும் சாராயத்துக்கும் வாடை அவ்வளவு வித்தியாசப்படாது.

மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். உடல் பெரியாஸ்பத்திரியிலிருந்து மறுநாள்தான் கிடைத்தது. பேச்சு அதற்கு முன்பே பஸ் ஏறி எழுமலை போய்ச் சேர்ந்திருந்தது. ஜெயக்கொடி குடித்துவிட்டு ஓட்டினானாம்.

போலீசாரிடம் மாடு குறுக்கே வந்தது, மழை என்று சொன்னேன். அது பொய்யல்ல. டயரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. சோழவந்தானிலிருந்து வெள்ளைத்துரை கோடித்துணியோடு வந்தார். பங்காளிகள், மாமன் மைத்துனர் எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் உட்காரவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"மாமா, பக்கத்துல இருந்தது நீங்க ஒருத்தர்தான். ஊரு பேசுறத நான் நம்ப மாட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மாப்ள குடிச்சிருந்தாரா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். குடிக்காதவன், முப்பது மைல் வேகத்தில், அகலமான ரோட்டில், எப்படிப் போய் மரத்தில் மோதினான்? டயர் என்பேன். தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏன் அந்த டயர் என்பார். தோப்பு வரும். பொய் சொல்லிப் பெண் எடுத்த வீடு என்று அத்தனை பேர் முன்னால் ஆகும். இவ்வளவும் ஒரு கணத்தில் எனக்குத் தெரிந்தது.

"போனவனப் பத்தி இனி என்ன பேச்சு" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கோடித்துணியை வைத்தார். முத்துத்தாயையும் பிள்ளையையும் அன்றே அழைத்துக்கொண்டு போய்விட்டார். பந்தலில் இருந்தவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன பாடுபட்டேனோ என்றார் ஒருவர். நான் அவரைத் திருத்தவில்லை.

பத்து மாதம் கழித்து ஒரு காலையில் முத்துத்தாய் மட்டும் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தோப்பு போனது எனக்குக் கல்யாணமான மூணாம் நாளே தெரியும் மாமா. அவுகளே சொல்லிட்டாக. பெரியப்பா பேரு கெடக்கூடாது, உங்க அண்ணன்கிட்ட வாய் தொறக்காதன்னு சத்தியம் வாங்குனாக. இன்னைக்கு வரைக்கும் தொறக்கல. டயரப் பத்தியும் தெரியும். ராத்திரிக்கு ராத்திரி அதத்தான் பொலம்புவாக."

செம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எம்பிள்ளைய அங்க குடிகாரன் மகள்னு கூப்பிடுறாக. இன்னும் பேச்சு வரல அதுக்கு. அதுக்குள்ள பேரு வந்திருச்சு. உங்க பேர நாங்க ரெண்டு பேரும் காப்பாத்துனோம். அவுக பேர நீங்க காப்பாத்தல."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் வந்து ஒருவர் தண்ணீர் குடிக்காமல் போனது அதற்கு முன் நடந்ததில்லை.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் பங்காளிகள் எல்லாரும் கூடுவோம். அடுத்த மாசி வரை காத்திருந்தேன். ஆள் அனுப்பி வெள்ளைத்துரையையும் வரச் சொன்னேன். பகல் பொழுதில், பொங்கல் பானை இறக்கியபின், எழுந்து நின்று சொன்னேன். தோப்பு 1974-இல் போனது. சம்பந்தம் பேசும்போது அதை மறைத்தேன். மறைப்பதற்காக, கடைக்காரர் சந்தேகப்பட்டும், சோணை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பட்டன் டயரை மாட்டச் சொன்னேன். மாற்றலாம் என்று ஜெயக்கொடி மூன்று முறை கேட்டான், மறுத்தேன். சட்டையில் இருந்த வாடை அரிஷ்டம்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு விளங்காமல் போனது. வெள்ளைத்துரை என் அருகில் வந்து, முறையாகக் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தார்.

"பெரிய மனசு மாமா உங்களுக்கு. தோப்பு போன சங்கதியக்கூட வெளிய சொல்லி, செத்தவன் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டீக. என் தங்கச்சிக்காகச் செஞ்சீக. இத மறக்க மாட்டேன்."

"பழியத் தூக்கிப் போட்டுக்கல வெள்ளைத்துரை. நடந்ததச் சொல்றேன். அது அரிஷ்டம்."

அவருக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் சாராயத்தோடு பிடிபட்ட ஒவ்வொருவனும் அரிஷ்டம் என்றுதான் சொன்னான். நான் அதை யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொல்ல நான் எடுத்த வார்த்தை, ஊரே பொய்க்கு வைத்திருந்த வார்த்தையாகப் போயிற்று. வெள்ளைத்துரை என் கையைத் தட்டிக் கொடுத்து, விடுங்க மாமா என்றார். ஆஸ்பத்திரியில் ஜெயக்கொடியின் சட்டையைத் தானே மோந்து பார்த்ததாகவும் அது சாராய வாடைதான் என்றும் அவர் அங்கே சொல்லவில்லை. பிறகு மற்றவர்களிடம் சொன்னாராம்.

நான் பேசியதால் கூடியது என் மரியாதைதான். இப்போது உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினால் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். தம்பி மகனின் குறையை மூட, இல்லாத குற்றத்தை ஏற்றுக்கொண்ட ஜீப் வீட்டுக்காரர் என்று சொல்கிறார்கள். ஜீப் இல்லை. நசுங்கியதை அப்படியே பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். முத்துத்தாய் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைக்கு நாலு வயதாகிறது. காதுகுத்துக்குச் சோழவந்தான் போயிருந்தேன். எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். சமையல் பந்தலில் பெண்கள் ஜெயக்கொடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது நாற்காலி வரை கேட்டது. அதே பேச்சு. முத்துத்தாய் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

வாயால் சொன்னது நிற்கவில்லை என்பதால் எழுதுகிறேன். 1979 ஐப்பசியில் கருமாத்தூர் ரோட்டில் இறந்த எழுமலை ஜெயக்கொடி குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்பதும், அதை மூட அவன் பெரியப்பா பழியை ஏற்றார் என்பதும் இந்த வட்டாரத்தில் நடமாடும் பேச்சு. இரண்டும் தவறு. அவன் அன்று குடிக்கவில்லை. எந்த நாளும் குடித்ததில்லை.